பாகவதரும் ஒன்பது ஜூரர்களும்

மலரில் பாட்டுக்காரரைப் பற்றி ஒரு என்ஜினியர் எழுதுவதா என்று நண்பர்கள் கேட்கலாம். சாட்சி சொல்பவர் மனசும் தீர்ப்புச் சொல்பவர் மனசும் எப்படி வேலை செய்கின்றன என்பதை எனக்குப் புரிய வைத்தது எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கைதான்.

1910-ல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். அப்பா பொற்கொல்லர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பாட்டுதான் ஏறியது. சிறுவயதிலேயே அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கட்டினார். 1934-ல் பவளக்கொடி மூலம் சினிமாவுக்கு வந்தார். சிந்தாமணி, அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி என்று வரிசையாக வெற்றிதான். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடிகர்களின் அந்தரங்கங்களை எழுதி வந்த இந்துநேசன் பத்திரிகையின் லட்சுமிகாந்தன், நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சதி செய்ததாகப் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். சென்னை ஐகோர்ட்டில் 9 ஜூரர்கள் முன்னால் விசாரணை நடந்தது. 1945 மே மாதம் பெரும்பான்மை ஜூரர்கள் குற்றவாளிகள் என்றார்கள். ஆயுள் தண்டனை விழுந்தது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் ஐகோர்ட் நீதிபதிகள் அப்பீலை மறுபடி கேட்டு, இந்தச் சாட்சியத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று இருவரையும் விடுதலை செய்தார்கள்.

அதே சாட்சியம், ஆனால் இரண்டு முடிவு! எப்படி?

ஜூரர்கள் காரணம் எழுத வேண்டியதில்லை. நீதிபதியோ ஒவ்வொரு சாட்சியையும் ஏன் நம்பினோம், ஏன் நம்பவில்லை என்று எழுதியாக வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் மனசின் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியும். 1973-ம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாமல் போனது.

சாட்சியின் மனசும் அப்படித்தான். நம்ம போடியில் ஏலக்காயைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பச்சை, மஞ்சள் பல்பில் பார்த்தால் வேறு பச்சை. காய் என்னவோ ஒன்றுதான். 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் ஆகியோர் கார் விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். கார்கள் இடித்தபோது வேகம் என்ன என்று கேட்டால் ஒரு கணக்கு, நொறுங்கியபோது என்று கேட்டால் அதைவிடக் கூடுதலான கணக்கு. கேள்வியின் ஒரு சொல்லே ஞாபகத்தை மாற்றிவிடுகிறது. குற்றத்தில் கூட்டாளியாக இருந்து அப்ரூவராக மாறியவர் பேச்சுக்கு வேறு ஆதாரமும் வேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்பது, மனுஷ மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் என்பதால்தான்.

விடுதலைக்குப் பிறகு கலைவாணர் மீண்டும் ஜனங்களைச் சிரிக்க வைத்தார். பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவில்லை. ராஜமுக்தி, அமரகவி எதுவும் கைகொடுக்கவில்லை. 1959 நவம்பர் 1 அன்று, 49 வயதில் காலமானார். ஐகோர்ட் கொடுத்த விடுதலையால் சிறையில் போன வருடங்களைத் திருப்பித் தர முடியவில்லை.

தம்பி தங்கைகளே, நாளை உங்களில் சிலர் வக்கீலாகலாம், நீதிபதியாகலாம். மற்றவர்களும் ஏதாவது ஒரு நாள் யாரைப் பற்றியாவது தீர்ப்புச் சொல்லத்தான் போகிறீர்கள். அதற்கு முன்னால் காரணத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.