மண்ணில் ஒளிந்திருந்த எமனைப் பிடித்தவர்!

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் தஞ்சைச் சீமையில் ஊரே வயலில் இறங்கிவிடும். நாற்றுப் பறிப்பார்கள், நடவு நடுவார்கள். சேற்றில் கிடக்கும் முள் காலில் குத்தும். அறுப்புக் காலத்தில் கருக்கரிவாள் கையைப் பதம் பார்க்கும். அந்தக் காலத்தில் காயத்தின் மேல் சாணத்தையோ மண்ணையோ அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தவர்கள் உண்டு.

ஒரு வாரம், பத்து நாள் ஆகும். காயம் ஆறியிருக்கும். திடீரென்று வாயைத் திறக்க முடியாது. தாடை பூட்டிக்கொள்ளும். உடம்பு வில்லாக வளையும். சிறு சத்தம் கேட்டாலும் இழுக்கும். அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். இதுதான் ரண ஜன்னி. டாக்டர்கள் இதை டெட்டனஸ் என்பார்கள்.

பச்சைக் குழந்தைகளையும் இது விட்டுவைக்கவில்லை. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள் கொடியை அறுத்து, அந்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்தால் போதும். நன்றாகப் பால் குடித்த குழந்தை, ஏழெட்டு நாளில் வாய் இறுகிக் கிடக்கும். பேய் அடித்துவிட்டது என்று தாய் கதறுவாள்.

அந்தப் பேய் எது என்று கண்டுபிடித்தவர் ஒரு ஜப்பானியர். அவர் பெயர் கிடசாட்டோ ஷிபசபுரோ.

மலைநாட்டுச் சிறுவன்

1853-ம் ஆண்டு ஜப்பானில் ஒரு மலைக் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை ஊர்த் தலைவர். பையனுக்குப் போர்வீரன் ஆகத்தான் ஆசை. வைத்தியம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. பள்ளியில் ஒரு டச்சு டாக்டர் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர் காட்டிய பூதக்கண்ணாடி பையனின் மனத்தை மாற்றிவிட்டது. டோக்கியோவில் படித்து, 1883-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் நகரில் கிருமி இயல் மேதை ராபர்ட் காக்கிடம் சீடராகச் சேர்ந்தார்.

காற்று ஆகாத கிருமி

ரண ஜன்னி மண்ணிலிருந்து வருகிறது என்பது 1884-ல் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கிருமியைத் தனியாகப் பிரிக்க யாராலும் முடியவில்லை. மற்றக் கிருமிகளும் கூடவே வளர்ந்தன.

கிடசாட்டோ ஒரு யுக்தி செய்தார். எல்லாக் கிருமிகளையும் சேர்த்து 80 டிகிரி சூட்டில் வைத்தார். மற்றவை செத்தன. ரண ஜன்னிக் கிருமியின் வித்து மட்டும் சாகவில்லை! அதைக் காற்றுப் படாமல் ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்தார். 1889-ல் வெற்றி கண்டார். ஆழமான முள் காயம் ஏன் ஆபத்து என்பது அப்போது விளங்கியது. உள்ளே காற்றுப் படாத இடம்தான் அந்தக் கிருமிக்குச் சொர்க்கம்!

கிருமி காயத்திலேயே தங்கிவிடுகிறது; அது கக்கும் விஷம்தான் நரம்புகளைத் தாக்குகிறது. 1890-ல் அவரும் பெரிங் என்ற ஜெர்மானியரும் சேர்ந்து ஓர் அதிசயத்தை உலகுக்குச் சொன்னார்கள். விஷத்தைத் தாங்கப் பழகிய முயலின் ரத்தத்திலிருந்து நீர் எடுத்து எலிகளுக்குப் போட்டார்கள். எலிகள் விஷத்துக்குத் தப்பின. விஷமுறிவு மருந்து பிறந்தது.

பரிசு போனது, பணி நிற்கவில்லை

1901-ல் வைத்தியத்துக்கு முதல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது பெரிங்குக்கு மட்டுமே கிடைத்தது.

சொந்த நாட்டிலும் சோதனை. பெரிபெரி நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று அவருடைய பழைய ஆசிரியர் சொல்லியிருந்தார். அது தவறு என்று கிடசாட்டோ எழுதினார். தவறு என்றே பின்னால் நிரூபணமும் ஆயிற்று. ஆனாலும் குருவை எதிர்த்தவன் என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தார் பகைத்தார்கள். அவர் நாடு திரும்பியபோது ஆராய்ச்சி செய்ய இடமில்லை. ஃபுகுசாவா என்ற அறிஞர் கைகொடுத்து, 1892-ல் ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துத் தந்தார். 1931-ல் இறக்கும் வரை கிடசாட்டோ உழைத்தார். 2024-ல் ஜப்பானின் 1000 யென் நோட்டில் அவர் படம் ஏறியது.

நாம் செய்ய வேண்டியது

அவர் காட்டிய வழியில் பின்னால் தடுப்பூசி வந்தது. பிரசவ சமயத்தில் தாயையும் சேயையும் கொல்லும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழிந்தது என்றால், எந்த மாவட்டத்திலும் 1000 குழந்தைக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே குறைந்தது என்று பொருள். கிருமி இன்றும் மண்ணில் இருக்கிறது. எரு கலந்த வயலிலும், மாட்டுத் தொழுவத்திலும் இருக்கிறது. இரும்பின் துருவில் விஷம் இல்லை. அதில் ஒட்டிய மண்ணில்தான் எமன் இருக்கிறான்.

குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் தடுப்பூசி போட வேண்டும். ஒன்றரை வயதிலும், 5, 10, 16 வயதுகளிலும் மறுபடி போட வேண்டும். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சாணம், மண், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு முறை இந்த நோய் வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம். அவருக்கும் ஊசி தேவை.

சோறு போடும் மண்ணை விட்டு நாம் விலக முடியாது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கலாம்!