பரிவலு அளந்த பெரியார்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் நோட்டன் பிரிட்ஜுக்கு வந்திருந்தான். அவன் வந்தது, இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய எம்.ஜி. கார் ஒன்றில். 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் செய்த வண்டி. புதிதாக இருந்தபோது அதன் எஞ்சின் 54 பரிவலு தந்ததாம். இப்பொழுது எவ்வளவு தருகிறது என்று அளந்து பார்க்க எங்கள் ஏற்றத்தைத் தேடி வந்திருந்தான்.

அளக்கும் முறையை அவன் விளக்கியபோது, இலக்கணமே கற்பித்துப் பழகிய எனக்கும் அது விளங்கிற்று. வண்டியும் அவனுமாக எடை 2,000 இறாத்தல் என்க. ஒரு நிமிடத்தில் 330 அடி உயரம் ஏறினால், இரண்டையும் பெருக்க 6,60,000 வரும். அதை 33,000 ஆல் வகுத்தால் 20. அத்தனை பரிவலு மலையேற்றத்துக்கு மட்டும் செலவாயிற்று; காற்றும் சில்லும் பற்சக்கரங்களும் தின்றவை வேறு. பிறகு வால்வுகளைத் தேய்த்து, சிலிண்டர் தலையைச் சிறிது சீவி அமுக்கத்தை ஏற்றி, இரு காபுரேட்டர்களையும் ஒத்திசையச் செய்து, அதே எடையுடன் அதே ஏற்றத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். 60 விநாடி 55 ஆகக் குறைந்தால், ஏறக்குறைய 2 பரிவலு கூடியதென்று பொருள்.

அந்த 33,000 என்னும் எண், ஆலைக் குதிரைகளின் உழைப்பைக் கணக்கிட்டு ஜேம்ஸ் வாட் 18ஆம் நூற்றாண்டில் வகுத்தது. கராஜில் ‘ஹோர்ஸ் பவர்’ என்கிறார்கள். தமிழகத்தார் குதிரைத்திறன் என்பர். நம் நாட்டுப் பாடநூல் பரிவலு என்னும். சொல்லளவில் பரிவலுவே எனக்கு உவப்பு. நிற்க.

மலையேறும் வண்டிக்குரிய இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினால் மலையிறங்கும் நீருக்குரிய கணக்கு ஆகிவிடும். ஒரு கன அடி நீரின் எடை 62.4 இறாத்தல். விநாடிக்கு ஒரு கன அடி நீர் 8.8 அடி விழுந்தால் ஒரு பரிவலு. இக்கணக்கை நூறாண்டுக்கு முன்பே எங்கள் பள்ளத்தாக்குக்குப் பொருத்திப் பார்த்தவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. அவர் பெயரைத் தாங்கிய அணையின் அருகே மாணாக்கனை அழைத்துச் சென்று, அவர் சரிதத்தைச் சொன்னேன்.

1874ஆம் ஆண்டு செப்டெம்பரில் காலியிலே பிறந்தவர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் பயின்று, பொறியியல் கற்றுப் பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். இப்பக்கத்து மலைகளில் பொன் கிடைக்குமா என ஆராய வந்தபோதுதான் அருவிகள் அவர் கருத்தைக் கவர்ந்தன என்பர். பொன் தேடியவர் கண்ணிற்பட்டது தண்ணீர்! மஸ்கெலியா ஓயாவில் லக்சபான அருவி 126 மீற்றர் விழுகிறது. கெகல்கமு ஓயாவில் அபர்டீன் அருவி 98 மீற்றர் விழுகிறது. அருவியைக் கண்டு பாடியவர் பலர். அதை எண்ணால் அளந்தவர் இவர்.

முதலில் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் தம் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தார். இவ்விரு ஆறுகளும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பரிவலு தரும் என்பது அதன் சாரம். கடல் கடந்து வரும் நிலக்கரியை நம்பியிருந்த காலம் அது. ஓர் இலங்கையரின் கணக்கை நம்பி முதல் போட ஆட்சியாளர் எளிதில் துணியவில்லை. 1920களில் வேலை தொடங்கி, பணமில்லை என்று நின்றது.

இவ்விடத்தில்தான் அம்மனிதர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. ஓய்வு பெற்றபின் வீட்டிலிருந்து குறைகூறிக் காலங்கழித்திருக்கலாம். அவரோ 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலே நின்று வென்று அரசாங்க சபையில் புகுந்து, இத்திட்டத்துக்காகவே வாதாடினார். 1938இல் வேலை மீண்டும் தொடங்கியது, போர் குறுக்கிட்டது. 1950இல் லக்சபான நிலையம் 25 மெகாவாட்டுடன் இயங்கலாயிற்று. கட்டுரை படித்தபோது அவருக்கு வயது 44, விளக்கெரிந்தபோது 76. மூன்றாண்டு கழித்து, 1953 ஆகஸ்டில் மறைந்தார். பின்னாளில் இவ்விரு ஆறுகளிலும் எழுந்த நிலையங்களின் கொள்ளளவு 300 மெகாவாட்டைக் கடந்தது. அது நான்கு லட்சம் பரிவலு. மிகையென்று ஐயுறப்பட்ட கணக்கு, உண்மையில் குறைவாகவே இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் மாணாக்கனுக்கு மறைக்கவில்லை. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை மூடிற்று. கடும் வறட்சியில் இன்றும் பழைய கோவில் தலைகாட்டும். நான் சிறுவனாய் இருந்த லயத்தின் மேலாகவே மின்கம்பிகள் சென்றன. மழைநாளில் அவை இரைவது கூரைக்குக் கீழே கேட்கும். நானோ மண்ணெண்ணெய் விளக்கில் நன்னூற் சூத்திரம் மனனம் செய்தேன். கொழுந்து கொய்து வந்த அம்மா அவ்விளக்கின் புகையிலேதான் அடுப்பு மூட்டினார். எங்கள் லயத்துக்கு மின்னொளி வந்தபோது நான் ஆசிரியனாகிவிட்டேன். இதற்கு விமலசுரேந்திர பொறுப்பல்லர். அவர் தண்ணீரை அளந்தார், பங்கிட்டவர் வேறு. ஆயினும் அணையைப் பார்க்குந்தோறும் பெருமையோடு அந்தப் புகையும் நினைவுக்கு வருகிறது.

மாணாக்கன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். 1965இல் தொடங்கிய விமலசுரேந்திர நிலையத்தின் 50 மெகாவாட்டுக்கு எத்தனை பரிவலு என்று கைபேசியில் கணக்கிட்டு, 67,000 என்றான். தன் வண்டி போல் ஆயிரத்திருநூற்றுக்கு மேல் வேண்டும் என்று சிரித்தான். அதற்குள் மூடுபனி இறங்கி இருட்டிவிட்டது. வண்டியின் விளக்கைப் போட்டான். அகல்விளக்குப் போல் மினுக்கிற்று. டைனமோவைப் பழுதுபார்த்தபின்தான் மற்ற வேலை என்று சொல்லி, மெதுவாக ஹட்டன் வழியே ஏறினான்.