மாயூரம் முன்சீப் எழுதிய கதை



தொப்பூர் கணவாய்ப் பக்கம் வீடு சந்திப்புக்குப் போகும் மாலை வேளைகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். சாமியாரைக் கண்டதும் வீட்டில் உள்ளவர்கள் எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள். அணைக்க மாட்டார்கள். நான் செபம் சொல்லும்போதும் அவர்கள் கண் ஒருமுறையாவது திரைப்பக்கம் போய் வரும். ஒரு வீட்டில் லாரி ஓட்டுநரின் மனைவி, தொடர் பார்ப்பது பாவமா சாமி என்று நேராகவே கேட்டுவிட்டார். நேரத்தை வீணாக்குவது பாவம்தான் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், கணவர் வண்டி கணவாயை இறங்கிவிட்டது என்று போன் வரும்வரை தூக்கம் வராது, அதுவரை அந்தக் கதைதான் தனக்குத் துணை என்றார். அந்தச் சாலையில் எத்தனை விபத்துகள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

மக்களுக்குக் கதை வேண்டும். அந்தக் கதையில் என்ன இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைத் தமிழில் முதலில் சந்தித்த கத்தோலிக்கர் ஒருவரின் வாழ்க்கையை இன்று பார்ப்போம். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. அவர் சீர்திருத்த சபைக் கவிஞர், இவருக்கு முந்தியவர்.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளிக்கு அருகே உள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் தம்பதியருக்குப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் திருச்சி நீதிமன்றத்தில் பதிவாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தார். பிறகு முன்சீப் தேர்வில் தேறி, தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய ஊர்களில் இருந்து, கடைசியாக மாயூரத்தில் 13 ஆண்டுகள் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றினார். ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்பவருக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. பொய்ச் சாட்சி, பங்காளிச் சண்டை, தனக்குப் புரியாத ஆங்கிலத்தில் தன் வழக்கு நடப்பதைக் கைகட்டிப் பார்த்து நிற்கும் குடியானவன், எல்லாவற்றையும் அவர் தினமும் பார்த்தார். 1805 முதல் 1861 வரை வந்த உயர் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1859இல், நீதிநூல் என்ற செய்யுள் நூலை எழுதியிருந்தார். பெண்கல்விக்காகப் பெண்மதி மாலை, அன்னை மரியாவின் மீது தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் என்று பாடியவர், எல்லாச் சமயத்தாரும் பாடுவதற்கென்றே சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்ற தொகுதியும் செய்தார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். மகாவித்துவான் இவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை பாடினார். நம்முடைய காலத்தில் இப்படி ஒரு நட்பைக் காண்பது அரிதாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வருத்தம்தான்.

1876 முதல் 1878 வரை தமிழகத்தைத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைக் கொட்டிக் கஞ்சி ஊற்றினார். இதைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரம் பாடியவர், இவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பசித்தவர்களை எண்ணிப் பாருங்கள். அந்தக் கஞ்சித்தொட்டியின் பக்கத்தில் நின்ற மனிதர்தான், அடுத்து 1879இல், தம் ஐம்பத்திரண்டாம் வயதுக்குப் பிறகு, தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார்.

பஞ்சம் கண்டவர் அழுகைக் கதை எழுதியிருப்பார் என்று நினைப்போம். ஆனால் அது சிரிக்க வைக்கும் கதை. செல்லமாக வளர்ந்த பிரதாபன், அறிவுள்ள மாமன் மகள் ஞானாம்பாள், கல்யாணம், பிரிவு, வேட்டையில் வழி தப்புதல், வேற்றூரில் அற்ப வழக்கில் சிறை. ஆண் வேடத்தில் தேடி வரும் ஞானாம்பாளுக்கு யானை மாலை போட, அவளே அந்நாட்டுக்கு அரசனாகிக் கணவனை மீட்கிறாள். இன்றைய சினிமாக்காரர்களும் இதைத் தாண்டவில்லை! பேச்சு மட்டும் வேறு: வழக்குமன்ற மொழி தமிழாக இருக்க வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்று நடுநடுவே பாத்திரங்கள் வாதிடுகிறார்கள்.

முன்சீப் ஐயா நோக்கத்தை மறைக்கவில்லை. நன்னெறியைக் கதையில் வைத்துத் தருவதே குறிக்கோள் என்றும், தலைவனையும் தலைவியையும் குறையற்ற நல்லவர்களாகவே படைத்ததாகவும், அதற்கு ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சனின் கருத்து துணை என்றும் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இதில் எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. நம் ஆண்டவர் சொன்ன கதைகளில் வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்களா? சொத்தைப் பிரித்து வாங்கி அழித்தவன், கணக்கைத் திருத்திய கண்காணிப்பாளன், கடவுளுக்கு அஞ்சாத நடுவர் ஆகியோரைக் கொண்டல்லவா அவர் இறையரசைப் பேசினார்! இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்பு பற்றிய ஆணையில், தீமையைக் காட்டுவதே கூடாது என்று விலக்கவில்லை. ஒழுக்க நெறிக்கு உட்பட்டுக் காட்டினால் அது மனிதனை ஆழமாக அறிய உதவும் என்றே ஏற்றது.

ஆனால் அந்நாவலில் இயேசுவின் பெயரைச் சொல்லாமலே, நான் பல மறையுரைகளில் சொல்லத் தடுமாறிய ஒன்றை அவர் சொல்லிவிட்ட இடம் உண்டு. பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது பெரிய வீட்டுக் கட்டளை. ஆகவே பிரதாபன் படிக்காத பாடத்துக்கு, உடன் படிக்கும் ஆசிரியரின் மகன் கனகசபை அடி வாங்குகிறான். வேடிக்கையாக எழுதப்பட்ட பக்கம்தான் அது. படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை.

1887இல் சுகுணசுந்தரி என்ற இரண்டாம் நாவலும் வந்தது. குழந்தை மணத்தை எதிர்த்து அதில் எழுதினார். 1889 ஜூலை 21 அன்று இறைவனடி சேர்ந்தார்.

சென்ற மாதம் மறைக்கல்வி வகுப்பில் கனகசபையின் கதையைச் சொன்னேன். கைப்பேசியில் படம் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் என்றார்கள். கடைசியில் அவன் ஆசிரியரின் சொந்த மகன் அல்ல, பெரிய இடத்துப் பிள்ளை என்று தெரியவருகிறது என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி மட்டும் கையைத் தூக்கினாள். அவன் வாத்தியார் பிள்ளையாகவே இருந்திருந்தால் அடித்தது பரவாயில்லையா சாமி என்று கேட்டாள்.