திருப்புட்குழி வகுப்பறையில் வெடித்த மோதல்: கைடு ஒத்துவராதபோது ராமானுஜர் என்ன செய்தார்?

வெளிநாட்டில் மேற்படிப்பு என்று முடிவெடுத்த எவருடைய போனைத் திறந்தாலும் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். ரேங்கிங், கட்டணம், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண், எந்த இன்டேக், விசா, பார்ட் டைம் வேலை என்று வரிசையாகப் போகும். ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்கள்கூட ஒரு கேள்வியைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள்: கைடு யார்? அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது?

இந்தச் சிக்கல் பல்கலைக்கழகங்களோடு வந்ததல்ல. காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில், பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர். புள் என்றால் பறவை. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலுக்காகத்தான் பெரும்பாலானவர்கள் இங்கே வருகிறார்கள். ஆனால் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இளைஞர் ஒருவர் இங்கே வந்தது படிப்பதற்காக. அவர்தான் ராமானுஜர்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். அவர் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்வது. அவற்றை எழுதியவர்கள் அவர் வழி வந்தவர்கள். எதிர்த்தரப்பு வாக்குமூலம் கிடையாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பம்

ராமானுஜர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். மரபுக் கணக்குப்படி 1017-ம் ஆண்டு, சித்திரை மாதம், திருவாதிரை நட்சத்திரம். அப்பா ஆசூரி கேசவ சோமயாஜி, அம்மா காந்திமதி. இளையாழ்வார் என்று பெயர் வைத்தவர் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி. 16 வயதில் தஞ்சமாம்பாளுடன் திருமணம். கொஞ்ச காலத்திலேயே அப்பா இறந்துபோனார்.

வேதாந்தம் படிக்க வேண்டும் என்றால் அன்று தொண்டை நாட்டில் பெரிய கல்வி மையம் காஞ்சிதான். குடும்பத்தோடு அங்கே குடிபெயர்ந்தார். அந்தப் பகுதியில் பெயர்பெற்ற ஆசிரியர் யாதவப்பிரகாசர். அவர் பாடம் சொன்ன இடம் திருப்புட்குழி. பெரியம்மா, சித்தி உறவில் தம்பி முறையான கோவிந்தனும் அதே வகுப்பில் சேர்ந்துகொண்டார். இன்று தெரிந்த ஊர்ப்பையன் ஒருவன் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கே அப்ளை பண்ணுவது போலத்தான். அந்தத் தம்பி பின்னால் உயிரையே காப்பாற்றுகிறார்.

யாதவப்பிரகாசர் சாதாரண ஆள் இல்லை. வைஜயந்தி என்ற சமஸ்கிருத நிகண்டு அவர் பெயரில் இருக்கிறது. குருபரம்பரைக் கதைகள் அவரை அத்வைதி என்கின்றன. பிற்கால ஆய்வாளர்கள், பிரம்மமும் உலகமும் வேறாகவும் ஒன்றாகவும் இருக்கின்றன என்னும் பேதாபேதக் கொள்கைக்காரர் என்கிறார்கள். எப்படியானாலும், ராங்கிங்கில் முதல் இடத்தில் இருந்த கைடு அவர். பிரச்சினை தரத்தில் வரவில்லை.

ஒரு சொல், இரண்டு பொருள்

மோதல் வந்தது ஒரு சொல்லில். சாந்தோக்ய உபநிஷதத்தில் இறைவனின் கண்களுக்குத் தாமரையை உவமை சொல்லும் இடத்தில் கப்யாசம் என்ற சொல் வருகிறது. கபி என்றால் குரங்கு என்பதை வைத்து, குரங்கின் பின்புறம் போல் சிவந்தது என்று ஆசிரியர் பொருள் சொன்னார். அப்போது ராமானுஜர் அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாராம். அவர் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் சுடச்சுட விழுந்தது. காரணம் கேட்டபோது மாணவர் வேறு பொருளை முன்வைத்தார். கபி என்ற சொல்லைப் பிரித்தால் நீரைக் குடிப்பவன், அதாவது கதிரவன் என்றும் கொள்ளலாம். ஆகவே கதிரவனால் மலர்ந்த தாமரை என்றார்.

இலக்கணப்படி இரண்டுமே சாத்தியம்தான். ஆனால் இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. இறைவனுக்கு அழகிய குணங்கள் உண்டா, குணமே இல்லாததா பிரம்மம் என்ற கேள்வி அடியில் இருந்தது. தைத்திரீய உபநிஷதப் பகுதியிலும் இதே தகராறு வந்தது. சக மாணவர்கள் முன்னால் ஆசிரியரின் விளக்கம் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. இந்தச் சம்பவங்களின் வரிசை நூலுக்கு நூல் மாறுகிறது. முடிவு மட்டும் மாறவில்லை.

பாதியில் திரும்பிய காசிப் பயணம்

வகுப்பே காசி யாத்திரை கிளம்பியது. வழியில் ராமானுஜரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் இருந்ததாகவும், அதைத் தெரிந்துகொண்ட கோவிந்தன் விந்திய மலைக்காட்டில் அவரைத் தனியே அழைத்து எச்சரித்ததாகவும் மரபு சொல்கிறது. கொலைத் திட்டம் வரை போனதா என்பதை இன்று யாரும் உறுதி செய்ய முடியாது. குழுவை விட்டு அவர் தனியாகத் திரும்பினார் என்பது கதையின் மையம். மொழி தெரியாத காட்டில், கையில் எதுவும் இல்லாமல். ஒரு வேடத் தம்பதி வழித்துணையாக வந்ததாகவும், விடிந்தபோது காஞ்சிக்கு அருகில் ஒரு கிணற்றடியில் நின்றதாகவும், அந்தப் பெண் தண்ணீர் கேட்டதாகவும், பிறகு இருவரும் மறைந்துவிட்டதாகவும் பக்தர்கள் நம்புகிறார்கள். செவிலிமேட்டில் இருக்கும் சாலைக் கிணறு அதுதான் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்தார்? படிப்பை விட்டுவிட்டு உட்காரவில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் தொண்டு செய்துவந்த திருக்கச்சி நம்பியிடம் போனார். பூந்தமல்லிக்காரரான நம்பி அந்தணர் அல்லாதவர். சாலைக் கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் நீர் கொண்டுவந்து பெருமாளுக்குக் கொடுக்கச் சொன்னார் அவர். ராமானுஜர் அதைச் செய்தார். காசியிலிருந்து யாதவப்பிரகாசர் திரும்பியதும் மறுபடி அதே வகுப்பில் போய் உட்கார்ந்தார் என்பதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. வேறு இடம் கிடைக்கும்வரை இருந்த இடத்திலேயே படிப்பு. அதுவும் நிலைக்கவில்லை, கடைசியில் இருவரும் பிரிந்தார்கள்.

சேருவதற்கு முன்பே மறைந்த ஆசிரியர்

இதற்கிடையே ஸ்ரீரங்கத்திலிருந்து ஆளவந்தார் காஞ்சிக்கு வந்திருக்கிறார். கோயிலில் தூரத்திலிருந்து ராமானுஜரைப் பார்த்தார், பேசவில்லை. பிறகு அழைத்துவரச் சொல்லி பெரிய நம்பியை அனுப்பினார். ராமானுஜர் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது காவிரிக் கரையில் ஆளவந்தாரின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. மூன்று விரல்கள் மடங்கியிருந்தன என்றும், ராமானுஜர் மூன்று உறுதிமொழிகள் சொன்னதும் அவை விரிந்தன என்றும் கதை. அதில் ஒன்று, பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதுவது. அட்மிஷன் கிடைத்துப் போனால் கைடே இல்லை என்ற நிலை. கோபத்தில் அரங்கனைக்கூடச் சேவிக்காமல் காஞ்சிக்குத் திரும்பிவிட்டாராம்.

பின்பு மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் பெரிய நம்பியிடம் தீட்சை பெற்றார். பெரிய நம்பி தம்பதி காஞ்சிக்கே வந்து தங்கிப் பாடம் சொன்னார்கள். தண்ணீர் எடுக்கும் இடத்தில் தஞ்சமாம்பாளுக்கும் நம்பியின் மனைவிக்கும் தகராறு. சொல்லாமலே கிளம்பிப் போனார் நம்பி. தஞ்சமாம்பாளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு ராமானுஜர் துறவறம் பூண்டார். கணவரின் படிப்புக்காக ஊர் மாறி, அவருடைய ஆசிரியர்களுக்கெல்லாம் சமைத்துப்போட்ட பெண்ணின் தரப்பை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.

காஞ்சியில் இருந்த அந்த நாட்களில்தான் யாதவப்பிரகாசர், தாயின் வற்புறுத்தலால் தன் பழைய மாணவருக்கே சீடரானார். கோவிந்த ஜீயர் என்ற பெயரில் துறவிகளுக்கான நெறிமுறை நூல் ஒன்றையும் எழுதினார்.

ஒரே பழக்கம், வேறு முடிவு

ஸ்ரீரங்கம் போன பிறகு ஒரே ஆசிரியரை நம்பி இருக்கவில்லை. ஆளவந்தாரின் ஐந்து சீடர்களிடம் தனித்தனியாகப் படித்தார். திருமந்திரப் பொருளுக்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து அந்த ஊர் சுமார் 100 கி.மீ. போகவரக் கணக்குப் போட்டால் 3,000 கி.மீ.க்கு மேல்.

திருவாய்மொழியைத் திருமாலையாண்டானிடம் கேட்டார். அங்கேயும் பழைய கதைதான். ஆண்டான் ஒரு பொருள் சொல்ல, ராமானுஜர் இன்னொன்று சொல்ல, தன் ஆசிரியரிடம் கேட்காத விளக்கம் இது என்று ஆண்டான் வகுப்பையே நிறுத்திவிட்டார். திருப்புட்குழியில் நடந்தது திரும்ப நடக்கப் போகிறதா? இந்த முறை திருக்கோஷ்டியூர் நம்பி வந்து நடுவில் நின்று பேசினார். மாணவர் சொன்ன பொருளைத் தாமும் ஆளவந்தாரிடம் கேட்டிருப்பதாக அவர் சொல்ல, வகுப்பு தொடர்ந்தது.

பிரம்ம சூத்திர உரைக்குப் போதாயனரின் பழைய விருத்தியுரை தேவைப்பட்டது. அது இருந்ததோ காஷ்மீரத்தில், சாரதா பீடத்தில். கூரத்தாழ்வானை அழைத்துக்கொண்டு கிளம்பினார் ராமானுஜர். படிக்கக் கிடைத்தது, எடுத்துவர முடியவில்லை. ராமானுஜர் கவலையோடு இருக்க, இரவுகளில் கண்விழித்து முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொன்னார் ஆழ்வான். அந்த விருத்தி இன்று நம்மிடம் இல்லை. மேற்கோள் துணுக்குகளாகத்தான் மிச்சம்.

ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீபாஷ்யம் எழுதத் தொடங்கியபோது ராமானுஜர் சொல்லச் சொல்ல எழுதியவர் ஆழ்வான். ஒரே நிபந்தனை: சொல்வது சரியில்லை என்று பட்டால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். ஆன்மாவின் இயல்பைப் பற்றிய ஒரு இடத்தில் ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. அறிவது ஆன்மாவின் இயல்பு என்று சொன்னால் போதாது, அது இறைவனைச் சார்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. ராமானுஜருக்குக் கடும் கோபம். நீயே உரை எழுதிக்கொள் என்ற தோரணையில் எழுந்துவிட்டார். ஆழ்வான் வாதாடவில்லை, எழுதவும் இல்லை. பிறகு ராமானுஜர் தனியே யோசித்துப் பார்த்து, மாணவர் நின்ற இடம் சரி என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பகுதியைத் திருத்திச் சொன்னார். ஆழ்வான் மறுபடி எழுத ஆரம்பித்தார்.