குதிரை கடித்தது, டெர்பி கிடைத்தது! – ஜாக்கி பிரெட் ஆர்ச்சரின் கதை

பந்தயக் குதிரையை ஓட்டுகிறவருக்கு ஜாக்கி என்று பெயர். ஜாக்கியின் கையில் ஒரு சவுக்கு இருக்கும். அந்தச் சவுக்கால் குதிரையை எத்தனை முறை அடிக்கலாம்? எங்கே அடிக்கலாம்? எவ்வளவு ஓங்கி அடிக்கலாம்? இன்று இதற்கெல்லாம் சட்டதிட்டம் உண்டு. ஒரு காலத்தில் அடியை எண்ணுவார் இல்லை. ஜாக்கி வைத்ததுதான் சட்டம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்து நாட்டையே ஆட்டி வைத்த ஒரு ஜாக்கி இருந்தார். அவர் பெயர் பிரெட் ஆர்ச்சர். 13 ஆண்டுகள் அவரை வெல்ல ஆள் இல்லை. சவுக்கால் அவருக்குப் புகழும் வந்தது, வினையும் வந்தது. 29 வயதிலேயே அவர் வாழ்வு முடிந்துவிட்டது.

11 வயதில் லாயத்துக்கு...

1857-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் ஆர்ச்சர் பிறந்தார். தந்தை வில்லியம் ஆர்ச்சரும் ஒரு ஜாக்கிதான். மகன் பிறந்த மறு ஆண்டு, வேலி தாண்டும் பந்தயங்களில் மிகப் பெரியதான கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் தந்தை வெற்றி பெற்றார். ஆகவே, மகனும் தவழ்ந்த காலம் முதல் குதிரைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தான்.

11-வது வயதில் சிறுவன் பிரெட், நியூமார்க்கெட் நகருக்கு அனுப்பப்பட்டான். இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்தின் தலைநகரம் நியூமார்க்கெட். அங்கே மாத்யூ டாசன் என்ற பெரிய பயிற்சியாளரின் லாயத்தில் அவன் தொழில் பழகினான். விடியுமுன் எழ வேண்டும். சாணம் அள்ள வேண்டும். குதிரையைத் தேய்த்து விட வேண்டும். பிறகுதான் சவாரி.

பையனுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால், குதிரையின் மனதைப் படிக்கத் தெரிந்தது. எந்தக் குதிரை எப்போது பாயும், எப்போது சோரும் என்று அவனுக்குத் தெரியும். 1874-ல் அட்லாண்டிக் என்ற குதிரையை ஓட்டி, டூ தௌசண்ட் கினீஸ் என்ற பெரும் பந்தயத்தில் வென்றான். அப்போது வயது 17! அந்த ஆண்டு 147 பந்தயங்களில் முதலாவதாக வந்து, நாட்டின் முதல் ஜாக்கி ஆனான். அன்று முதல் 1886 வரை அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

பொல்லாத சவுக்கு

ஆர்ச்சரின் வெற்றிக்குக் காரணம் என்ன?

முதல் காரணம் துணிச்சல். டெர்பி பந்தயம் நடக்கும் எப்சம் மைதானத்தில், சரிவில் இறங்கித் திரும்பும் ஒரு வளைவு இருக்கிறது. மற்ற ஜாக்கிகள் அங்கே சற்று விலகி ஓட்டுவார்கள். ஆர்ச்சரோ, உள்பக்கக் கம்பி வேலியை உரசுவதுபோல் ஓட்டுவார். கொஞ்சம் பிசகினால் கால் போய்விடும். ஆனால், தூரம் மிச்சமாகும்.

இரண்டாவது காரணம் வெறி. எப்படியும் ஜெயித்தே தீர வேண்டும் என்ற வெறி. அந்த வெறி அவர் கையில் இருந்த சவுக்கில் தெரிந்தது. முக்கியமாக, தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஆர்ச்சர் குதிரைகளிடம் இரக்கம் காட்டவில்லை. இரண்டு வயது இளங்குதிரைகளைக் கூட அடித்து விரட்டினார். குதிமுள்ளாலும் குத்தினார். கூட்டம் கை தட்டியது. பணம் கட்டியவர்கள் பாராட்டினார்கள். அடிபட்ட குதிரையை யாரும் கேட்கவில்லை.

ஒரு குதிரை மட்டும் கணக்கை வைத்துக்கொண்டது!

பழிக்குப் பழி!

அந்தக் குதிரையின் பெயர் மூலே எட்ரிஸ். பந்தயத்தில் அது ஆர்ச்சரிடம் சரியாக அடி வாங்கியிருந்தது.

1880-ம் ஆண்டு மே மாதத் தொடக்கம். நியூமார்க்கெட் புல்வெளியில் காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மூலே எட்ரிஸ் மீது இருந்து ஆர்ச்சர் கீழே இறங்கினார். அவ்வளவுதான்! குதிரை திரும்பிப் பாய்ந்து, அவருடைய கையைப் பல்லால் கவ்விக்கொண்டது. அவரைக் கீழே தள்ளி, மேலே மண்டியிட்டு நசுக்கப் பார்த்தது. நல்ல வேளையாக, குதிரையின் கால் சறுக்கியது. மிரண்டுபோய் ஓடிவிட்டது. ஆர்ச்சர் உயிர் தப்பினார். ஆனால், கையின் சதை கிழிந்து தொங்கியது. பழைய சவுக்கடியைக் குதிரை மறக்கவில்லை என்று லாயங்களில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

டெர்பிக்கு இன்னும் நான்கு வாரம் கூட இல்லை. லண்டனில் புகழ் பெற்ற மருத்துவர் சர் ஜேம்ஸ் பேஜட்டிடம் ஆர்ச்சர் போனார். டெர்பிக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றார் மருத்துவர். வேடிக்கை பார்க்கப் போவதாக அவர் நினைத்துக்கொண்டாராம்! வந்திருப்பவர் குதிரை ஓட்டப் போகிறார் என்று தெரிந்ததும் திகைத்துப் போனாராம். இது பந்தய உலகில் பிரசித்தமான கதை.

ஆர்ச்சர் ஓட்டினார். குதிரையின் பெயர் பெண்ட் ஆர். அடிபட்ட கைக்கு இரும்புத் துண்டு வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கையால் சவுக்கைச் சுழற்ற முடியாது. எதிரே ராபர்ட் தி டெவில் என்ற முரட்டுக் குதிரை முன்னால் பறந்தது. கடைசிவரை அதுவே ஜெயிக்கும் என்று கூட்டம் நம்பியது. ஆர்ச்சர் முழங்காலாலும் ஒற்றைக் கைக் கடிவாளத்தாலும் பெண்ட் ஆரை உந்தினார். எல்லைக் கம்பத்தில், ஒரு தலை அளவு முந்திக்கொண்டு வென்றார்!

சவுக்கடிக்குப் பேர்போன ஆர்ச்சர், சவுக்கை நம்பாமல் டெர்பியை ஜெயித்துவிட்டார். அவருடைய மிகச் சிறந்த சவாரிகளில் ஒன்று என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அடிமேல் அடி

1883 ஜனவரியில் ஆர்ச்சருக்குத் திருமணம் நடந்தது. தன் குரு டாசனின் உறவுப் பெண்ணான ஹெலன் ரோஸையே மணந்தார். புதிய மாளிகை கட்டிக் குடியேறினார். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1884-ன் தொடக்கத்தில் பிறந்த ஆண் குழந்தை உடனே இறந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

ஆர்ச்சர் இடிந்துபோனார். துக்கம் ஆற அமெரிக்காவுக்குப் போய் வந்தார். திரும்பி வந்ததும், பேய் பிடித்தவர்போல் பந்தயத்தில் இறங்கினார். 1885-ல் மட்டும் 246 வெற்றிகள்! இந்தச் சாதனையை முறியடிக்க 48 ஆண்டுகள் ஆயின. 1933-ல்தான் கார்டன் ரிச்சர்ட்ஸ் அதைத் தாண்டினார்.

அந்த ஆண்டு டெர்பியில் ஆர்ச்சர் ஓட்டிய குதிரை மெல்ட்டன். எதிரே பாரடாக்ஸ். சில வாரங்களுக்கு முன் அதே பாரடாக்ஸை ஓட்டி ஆர்ச்சர் ஒரு பெரும் பந்தயத்தை வென்றிருந்தார். அதன் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படி. கடைசிப் பாய்ச்சல் வரை பொறுத்திருந்தார். பிறகு சவுக்கை ஓங்கி, மெல்ட்டனுக்கு இரண்டே அடி கொடுத்தார். குதிரை துள்ளிப் பாய்ந்தது. ஒரு தலை அளவில் வெற்றி! அந்த இரண்டு அடிகளைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. வென்றவருக்கு மாலை கிடைத்தது. அடி பொறுக்க முடியாத அடி என்று வருந்தியவர்கள் மிகச் சிலரே.

உடம்பின் மீதும் சவுக்கு

குதிரைகளுக்குக் காட்டாத இரக்கத்தை ஆர்ச்சர் தமக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

ஜாக்கி என்றால் எடை குறைவாக இருக்க வேண்டும். ஆர்ச்சரோ நல்ல உயரம். பந்தயம் இல்லாத குளிர் காலத்தில் அவர் எடை 70 கிலோ வரை ஏறிவிடும். பந்தயத்துக்காக 55 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்காகப் பட்டினி கிடந்தார். காலையில் விளக்கெண்ணெய், ஒரு பிஸ்கோத்து, ஒரு சின்னக் கிண்ணம் சாம்பெயின் மது. வயிற்றைக் கழுவ ஒரு பேதி மருந்து. வேர்வை வடிய வெந்நீராவிக் குளியல். பல ஆண்டுகள் இப்படியே ஓடின.

1886-ல் ஆர்மண்ட் என்ற மாபெரும் குதிரையை ஓட்டி ஐந்தாவது முறையாக டெர்பியை வென்றார். ஆனால், கேம்பிரிட்ஜ்ஷயர் என்ற பந்தயம் அவருக்குக் கிட்டாமலே இருந்தது. அந்த ஆண்டு எப்படியும் அதை ஜெயிப்பது என்று உறுதி எடுத்தார். சோற்றைத் தொடாமல் உடம்பை 54 கிலோவுக்கு வாட்டினார். ஓட்டிய குதிரை செயிண்ட் மிரின். முடிவு? ஒரு தலை அளவில் தோல்வி!

உடல் உலர்ந்துவிட்டது. மனமும் உடைந்துவிட்டது. அதற்கு மேல் குளிர் பிடித்தது; விஷக் காய்ச்சல் வந்தது. மனைவியின் இரண்டாம் ஆண்டு நினைவு வேறு நெருங்கியது. 1886 நவம்பர் 8-ந் தேதி, காய்ச்சலில் புத்தி தடுமாறிய நிலையில், ஆர்ச்சர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். தாயில்லாத பெண் குழந்தை, இரண்டு வயதில் தந்தையையும் இழந்தது.

ஆர்ச்சர் ஓட்டிய பந்தயங்கள் 8,084. வென்றவை 2,748. மூன்றுக்கு ஒன்று வெற்றி! செல்வமும் ஏராளம். ஆனால், அவற்றை அனுபவிக்க அவர் இல்லை.

இன்றைய சட்டம்

ஆர்ச்சர் காலத்துச் சவுக்கு இன்று இல்லை. இப்போது பிரிட்டனில் ஜாக்கியின் சவுக்குக்கு மெத்தென்ற உறை போட்டிருக்க வேண்டும். 2023-ல் வந்த திருத்தப்படி, வேலி இல்லாத பந்தயத்தில் 6 முறையும், வேலி தாண்டும் பந்தயத்தில் 7 முறையும்தான் சவுக்கைப் பயன்படுத்தலாம். தோளுக்கு மேல் கையை ஓங்கினால் குற்றம். அனுமதித்த அளவைவிட 4 அடி கூடினால், வென்ற குதிரையின் வெற்றியே பறிபோகும். நார்வே நாட்டிலோ, 1982-லேயே பந்தயத்தில் குதிரையை அடித்து ஓட்டத் தடை வந்துவிட்டது. அங்கே பந்தயங்கள் நின்றுபோகவில்லை.

ஒலிம்பிக் போன்ற குதிரையேற்றப் போட்டிகளிலும் கட்டுப்பாடு உண்டு. கோபத்தைத் தீர்த்துக்கொள்ளச் சவுக்கை எடுக்கக் கூடாது. குதிரையின் தலையில் அடிக்கக் கூடாது. மீறினால் போட்டியிலிருந்து நீக்குவார்கள்.

குதிரையின் தோல் தடித்தது, அதற்கு வலிக்காது என்று முன்பு சொல்லி வந்தார்கள். அது தவறு. குதிரையின் மேல்தோலும் மனிதனின் மேல்தோலைப் போலவே வலியை உணரக் கூடியது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மெல்ட்டனுக்கு விழுந்தவை இரண்டே அடி. எண்ணிக்கையில் பார்த்தால் இன்றைய சட்டத்திலும் தவறு இல்லை. ஆனால், இன்றைய நடுவர் எண்ணிக்கையோடு விடமாட்டார். கை எவ்வளவு உயரம் போனது, அடி எங்கே விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்றும் பார்ப்பார்.

ஆர்ச்சரின் இரண்டு டெர்பிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் சவுக்கு வென்றது. மற்றதில் சவுக்கு இல்லாமலே வென்றார். இரண்டிலும் வித்தியாசம் ஒரே ஒரு தலை அளவுதான். அடித்தாலும் அதே தூரம். அடிக்காவிட்டாலும் அதே தூரம். திறமைதான் குதிரையை ஓட்டியது.