நோட்டர்டாம் கோபுரம் 800 வருஷப் பழசு இல்லையா? யார் இந்த வியோலே லெ டுக்?

2019 ஏப்ரல் 15. பாரிஸ் நோட்டர்டாம் தேவாலயம் பற்றி எரிந்து, நடுவில் நின்ற ஊசிக் கோபுரம் ஒடிந்து விழுந்ததை உலகமே டிவியில் பார்த்தது. 800 வருஷப் பழமை போச்சே என்று பலரும் கலங்கினார்கள். எரிந்த கூரை மரங்கள் பழையவைதான். ஆனால் அந்தக் கோபுரத்துக்கு வயது வெறும் 160. அதை வடிவமைத்தவர் பெயர் யூஜின் வியோலே லெ டுக்.

கல்லூரி வேண்டாம்!

1814இல் பாரிஸில் பிறந்தவர். கட்டடக் கலைஞராக வேண்டுமென்றால் அரசின் கலைக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய வழக்கம். அங்கே சேரவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிரான்ஸ், இத்தாலி என ஊர் ஊராகச் சுற்றி, பழைய கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்ததே அவர் படிப்பு. 26 வயதில், இடிந்து விழும் நிலையில் இருந்த வெஸலே தேவாலயத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். அது இன்றும் நிற்கிறது.

ஜெயித்த போட்டி

பிரெஞ்சுப் புரட்சியில் நோட்டர்டாமின் ராஜா சிலைகள் தலை துண்டிக்கப்பட்டன. ஆட்டம் கண்ட பழைய கோபுரத்தையும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறக்கிவிட்டார்கள். 1831இல் விக்டர் ஹ்யூகோவின் நாவல் வந்த பிறகுதான் மக்கள் பார்வை அங்கே திரும்பியது. சீரமைப்புக்கு அரசு போட்டி வைத்தது. 1844இல் ஜெயித்தது வியோலே லெ டுக்கும், கூட்டாளி லாஸ்ஸுவும்.

போட்டிக்குக் கொடுத்த அறிக்கையில் இருவரும் அடக்கித்தான் வாசித்தார்கள். பழைய கட்டடத்தில் ரொம்பக் கை வைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 1857இல் லாஸ்ஸு இறந்துபோனார். அதற்குப் பிறகு எழுந்ததுதான் பழையதைவிட உயரமான, 96 மீட்டரைத் தொடும் புதுக் கோபுரம்.

கன்னத்தில் கை வைத்து, நாக்கை நீட்டிப் பாரிஸைப் பார்க்கிறதே ஒரு பூதம்? டூரிஸ்ட்டுகள் போட்டி போட்டு போட்டோ எடுக்கும் அந்தச் சிலையும் இவர் காலத்தில் வைத்ததுதான். மத்திய காலத்துச் சிலை கிடையாது.

இங்கேதான் சண்டை. ஒரு கட்டடம் எப்போதுமே இருந்திராத முழுமைக்குக்கூட அதைக் கொண்டுவரலாம் என்பது வியோலே லெ டுக்கின் கொள்கை. சீரமைப்பு என்ற பெயரில் நடப்பதே அழிவுதான் என்றார் இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின். கார்க்காசோன் கோட்டையின் கூம்புக் கூரைகள் தெற்கு பிரான்ஸுக்கே ஒட்டாதவை என்றும் திட்டு வாங்கினார். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1997இல் அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய யுனெஸ்கோ, இவர் செய்த சீரமைப்பையும் ஒரு காரணமாகச் சொன்னது!

தோற்ற போட்டி

பாரிஸ் ஓபரா அரங்குக்கான போட்டிக்குச் சுமார் 170 வடிவங்கள் வந்தன. மகாராணி யூஜெனியின் ஆதரவு வியோலே லெ டுக்குக்குத்தான். ஆனால் 1861இல் ஜெயித்தது, அதிகம் பேர் அறியாத 35 வயது ஷார்ல் கார்னியே. பிறகு, தான் சேர மறுத்த அதே கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். மாணவர்கள் கூச்சல் போட்டே அவரை ராஜினாமா செய்ய வைத்துவிட்டார்கள்.

1879இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இறந்தார். அப்போது சுதந்திர தேவி சிலைக்கான கட்டுமான யோசனையும் அவர் கையில்தான் இருந்தது. அவருக்குப் பின் அந்த வேலை ஈஃபிலிடம் போனது.

மறுபடியும் ஒரு போட்டி

தீ விபத்து நடந்த இரண்டே நாளில், புதுக் கோபுரத்துக்குச் சர்வதேசப் போட்டி என்று பிரான்ஸ் பிரதமர் அறிவித்தார். கண்ணாடிக் கோபுரம், கூரை மேல் தோட்டம், நீச்சல் குளம் என்றெல்லாம் யோசனைகள் பறந்தன. கடைசியில் போட்டியே நடக்கவில்லை. 2020 ஜூலையில், இருந்தபடியே கட்டுவது என்று முடிவானது. 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தபோது, அதே வடிவத்தில் கோபுரம் நின்றது.

கோபுரத்தைச் சுற்றி 16 செப்புச் சிலைகள் உண்டு. அதில் ஒன்று, நம்ம சாந்தோமுக்குப் பெயர் தந்த புனித தோமா. கட்டடக் கலைஞர்களின் காவலர் அவர் என்பதால், அந்தச் சிலைக்குத் தன் முகத்தையே வைத்துக்கொண்டார் வியோலே லெ டுக். மற்ற சிலைகள் எல்லாம் நகரத்தைப் பார்க்க, தோமா மட்டும் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார். பழுது பார்ப்பதற்காக அந்தச் சிலைகளைக் கிரேன் வைத்து இறக்கியது, தீப்பிடிப்பதற்குச் சரியாக நான்கு நாள் முன்பு.