அலன் டூரிங்

அலன் மத்திசன் டூரிங் (ஜூன் 23, 1912 – ஜூன் 7, 1954) ஆங்கிலேயக் கணிதவியலாளரும் மறைகுறியீட்டு ஆய்வாளரும் ஆவார். கணினி அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் குறியீட்டை உடைத்த இவர், நேச நாடுகளின் தகவல் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

குடும்பமும் தமிழ்நாட்டுத் தொடர்பும்

தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் இந்தியக் குடிமைப் பணி அதிகாரியாக இருந்தார். தாயார் எத்தல் சாரா ஸ்டோனி போத்தனூரில் பிறந்தவர். தாயாரின் தந்தை எட்வர்டு வாலர் ஸ்டோனி, மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். 1856-இல் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டியை இயக்கியது இந்நிறுவனமே. அண்ணன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். அலன் பிறந்தது இலண்டனில். பெற்றோர் இந்தியாவில் இருந்தமையால் இளமையில் பெரும்பாலும் பிறர் பராமரிப்பில் வளர்ந்தார்.

கல்வி

கேம்பிரிட்ச் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1936-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பின்னர் டூரிங் பொறி எனப் பெயர்பெற்ற கருத்தியல் கணிப்பொறியை விளக்கினார். 1938-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

எனிக்மா

எனிக்மா என்பது ஜெர்மானியப் படைகள் பயன்படுத்திய மறைகுறியீட்டுப் பொறி. போலந்துக் கணிதவியலாளர்கள் 1932-இலேயே அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1939 ஜூலையில் அதனைப் பிரித்தானியருக்குத் தெரிவித்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் பணியில் சேர்ந்தார்.

எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறுவதில்லை. மேலும், அதனை இயக்கியவர்கள் வானிலை அறிக்கை போன்றவற்றில் ஒரே சொற்றொடர்களைத் திரும்பத் திரும்ப அனுப்பினர். இவ்விரு குறைகளையும் பயன்படுத்தி, பொறியின் அமைப்பைத் தேடிக் கண்டறியும் பாம்ப் என்னும் மின்பொறியை டூரிங் வடிவமைத்தார். முதற்பொறி 1940-இல் இயங்கத் தொடங்கியது. கார்டன் வெல்ச்மன் அதனை மேம்படுத்தினார்.

1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பல்களின் எனிக்மாவில் நான்காவது சுழலி சேர்க்கப்பட்டதால், ஏறத்தாழப் பத்து மாதங்கள் அச்செய்திகளைப் படிக்க இயலவில்லை. மூழ்கிக்கொண்டிருந்த ஜெர்மானியக் கப்பலிலிருந்து குறியீட்டு நூல்களை மீட்ட பின்னரே வழி பிறந்தது. அம்முயற்சியில் பிரித்தானியர் இருவர் உயிரிழந்தனர்.

தகவல் பாதுகாப்பு

அதே காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் ஒரு குறியீட்டை ஜெர்மானியரும் படித்து வந்தனர். 1943 ஜூனில்தான் அது மாற்றப்பட்டது. பிறர் குறியீட்டை உடைப்போர் தமது குறியீட்டையும் ஐயுற வேண்டும் என்பதை இது காட்டியது.

1942 இறுதியில் அமெரிக்கா சென்ற டூரிங், பெல் ஆய்வகத்தில் உருவாகிய பேச்சு மறையாக்கக் கருவியின் பாதுகாப்பை ஆராய்ந்தார். நாடு திரும்பியபின் டெலிலா என்னும் சிறிய பேச்சு மறையாக்கக் கருவியை உருவாக்கினார். ஆயினும் அது பயன்பாட்டுக்கு வரவில்லை. தாக்குபவரின் கண்கொண்டு தம் அமைப்பைச் சோதிக்கும் இம்முறையே, இன்று எத்திக்கல் ஹேக்கிங் பயில்வோருக்கும் அடிப்படையாகும்.

இறுதிக் காலம்

1952-இல் ஒருபாலுறவுக்காகத் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக இயக்குநீர்ச் சிகிச்சையை ஏற்றார். இரகசியப் பணிக்கான அனுமதியையும் இழந்தார். 1954-இல் சயனைடு நஞ்சால் இறந்தார். விசாரணை அதனைத் தற்கொலை என முடிவு செய்தது. அவருடைய போர்க்காலப் பணி 1970-கள் வரை பொதுமக்களுக்குத் தெரியாதிருந்தது.

2009-இல் பிரித்தானியப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

நினைவு

கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது 1966 முதல் வழங்கப்படுகிறது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி 1994-ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றார். 2021-இல் வெளியான பிரித்தானிய 50 பவுண்டு தாளில் டூரிங்கின் உருவம் இடம்பெற்றது.